நோயாளியோடு பேசக் கற்றல்



கொல்லிமலை என்றவுடன் உங்களுக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் ஆண்ட மலை அது. நாமக்கல் சமவெளியிலிருந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும், சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகளும் நம்மை வரவேற்கும். ஆனால் இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது ஓரியின் வில்லாற்றலைப் பற்றியன்று. அந்த மலையோடு தொடர்புடைய வேறொரு வரலாற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அந்த வரலாற்றை எனக்கு நினைவூட்டியவன் என் பழைய மாணவன் ஒருவன். கொல்லிமலையில் பிறந்து, அடிவாரத்துப் பள்ளியில் என்னிடம் படித்து, இப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவன். சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தான். கல்லூரியைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு சொல்லி வந்தவன், ஒன்றை மட்டும் சலிப்போடு சொன்னான்: “ஐயா, எலும்பும் நரம்பும் படிக்கவே பொழுது போதவில்லை. இதற்கு நடுவில் நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு வகுப்பு வைக்கிறார்கள். பேசத் தெரியாதவர் யார், ஐயா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்தன்று, என்னையே நினைத்துச் சிரித்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது, நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி இருந்தது. ஐந்தாறு நிமிடங்களுக்குள் ஒரே ஒரு திறனை, கேள்வி கேட்பதையோ எடுத்துக்காட்டுச் சொல்வதையோ, உடன் பயில்வோர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். நாங்கள் அதை விளையாட்டு என்று எண்ணினோம். வரலாறு அறிந்தவனுக்கு வரலாறு கற்பிக்கவா தெரியாது என்பது எங்கள் வாதம். அறிந்திருப்பது வேறு, அறிவிப்பது வேறு என்பதை வகுப்பறையில் மாணவர்களின் முகங்களைப் பார்த்த பின்னரே உணர்ந்தேன்.

ஆகவே என் மாணவன் எழுப்பிய ஐயம் புதியதும் அன்று, இழிவானதும் அன்று. நோயாளியோடு பேசுவது மருத்துவக் கல்வியின் பகுதியா? பகுதியானால், அதைக் கற்பிக்க இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் நம் தமிழ் நிலத்து வரலாற்றிலேயே விடை இருக்கிறது. மானிப்பாய், கொல்லிமலை, வேலூர் என்னும் மூன்று இடங்களுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

முதலில் மானிப்பாய். இலங்கையின் யாழ்ப்பாணத்தில் உள்ள ஊர் இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு மருத்துவமும் கற்பித்தார். முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். அதன் விளைவை அவர் கண்கூடாகக் கண்டார். ஆங்கிலத்தில் தேர்ந்த மாணவர்கள் அரசுப் பணியையும் பட்டணத்தையும் நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி மருத்துவரின்றியே இருந்தான்.

1862இல் இரண்டாம் முறையாக யாழ்ப்பாணம் திரும்பிய கிறீன், துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்பதே அது. மாணவர் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் ஊதியம் தரும் மொழி, மதிப்புத் தரும் மொழி. அதை விட்டு வர மனம் ஒப்பாதவர் சிலர் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆயினும் கிறீன் பின்வாங்கவில்லை. தாமே தமிழ் பயின்றார். கலைச்சொற்களை ஆக்கினார். மாணவர்களின் துணையோடு நூல்களைத் தமிழாக்கினார். இரணவைத்தியம், கெமிஸ்தம் போன்ற நூல்கள் அவ்வாறு வெளிவந்தவை. கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலும் தமிழ் வடிவம் பெற்றது. 1873இல் அவர் தாயகம் திரும்புவதற்குள் தமிழில் மருத்துவம் பயின்ற மாணவர் வரிசை ஒன்று உருவாகிவிட்டது. 1884இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைத் தமிழ்ப்பற்றுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவர். அது உண்மையே. ஆனால் இன்றைய நம் பொருளுக்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. ஒரு மருத்துவன் நோயை எந்த மொழியில் சிந்திக்கிறானோ, அந்த மொழியிலேயே அதை விளக்கவும் முற்படுவான். “இன்ஃப்ளமேஷன்” என்று படித்தவனுக்கு “வீக்கமும் எரிவும்” என்று சொல்ல ஒரு கணம் தயக்கம் உண்டாகும். அந்த ஒரு கணத்தில் நோயாளி விலகிப் போய்விடுகிறான். இந்த இடைவெளியைக் கிறீன் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டார்.

இனி, கொல்லிமலைக்கு வருவோம். இங்கிலாந்திலிருந்து 1907ஆம் ஆண்டு இந்தியா வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் இளைஞர். சமயப் பணிக்காக வந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பயிற்சி பெற்றிருந்தார், அவ்வளவே. 1913இல் அவரும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறினர். இன்றுள்ள சாலை அன்று இல்லை. காட்டுப் பாதையில் நடந்தோ, டோலியில் சுமக்கப்பட்டோதான் மேலே போக வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அம்மலையில் இரவு தங்கவே தயங்கிய காலம் அது.

ஜெஸ்ஸி பிராண்ட் இந்தியா வந்ததற்கும் மலையில் குடியேறியதற்கும் இடையே உள்ள ஆறு ஆண்டுகளை நினைவிற் கொள்ளுங்கள். சேந்தமங்கலத்துப் பகுதியில் இருந்துகொண்டு தமிழைப் பேசப் பழகிய பின்னரே அவர் மலைவாழ்வைத் தொடங்கினார். மருத்துவத்திற்கு ஓராண்டு, மக்களோடு பழகவும் பேசவும் ஆறாண்டு என்று அவர் கணக்கிட்டிருக்க மாட்டார். எனினும் நடந்தது அவ்வாறே.

அந்தப் பயிற்சி எதற்கு உதவிற்று என்று கேட்பீர்கள். ஒரு நோயைச் சொல்கிறேன். நரம்புச் சிலந்தி என்பது அதன் பெயர். உங்கள் தலைமுறை அதைக் கண்டதில்லை. உங்கள் பாட்டன்மாரைக் கேட்டால் சொல்வார்கள். குடிநீரில் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வகை நீர்ப்பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்நீரைக் குடிப்பவன் உடலில் அது ஓராண்டுக் காலம் வளரும். பிறகு காலிலே கொப்புளம் எழுப்பி, நூல்போல் நீண்ட புழு வெளிப்படத் தொடங்கும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலை நீரில் வைப்பான். வைத்த கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் உதிர்க்கும். அந்த நீர் ஊரார் குடிக்கும் படிக்கிணற்று நீராக இருந்தால், அடுத்த ஆண்டு ஊரே நோயுறும்.

இந்த நோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் மருந்தில்லை. தடுப்பூசியும் இல்லை. வெளிப்படும் புழுவை ஒரு குச்சியிலே சுற்றி, நாளுக்குச் சிறிதாகப் பொறுமையோடு இழுத்தெடுப்பதுதான் வழி. ஜெஸ்ஸி பிராண்டும் அவ்வாறே செய்தார். ஆனால் ஒருவன் காலிலிருந்து புழுவை எடுப்பதால் ஊரின் நோய் தீருமா? தீராது. “கிணற்றுக்குள் இறங்காதீர்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டுங்கள்” என்று மக்களிடம் சொல்லி, அவர்களை நம்பச் செய்ய வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படியில் இறங்கி நீர் முகந்தவர்களிடம், அதை விட்டுவிடுங்கள் என்று அயலான் ஒருவன் வந்து சொன்னால் கேட்பார்களா? அவன் அவர்கள் மொழியில், அவர்கள் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் கேள்விகளுக்கெல்லாம் சலியாமல் விடை சொன்னால்தான் கேட்பார்கள். இங்கே சொல்லே மருந்தாகிறது.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வருத்திய நோய் இது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு, இந்நாடு இந்நோயினின்று விடுபட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மாத்திரையாலோ ஊசியாலோ கிடைத்த வெற்றியன்று இது. நல்ல கிணறும், வடிகட்டும் துணியும், ஊர் ஊராகச் சென்று பேசிய பணியாளர்களும் தேடித் தந்த வெற்றி.

1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகை உலுக்கிய நச்சுக் காய்ச்சல் மலை மீதும் ஏறிற்று. அதற்கும் அன்று மருந்தில்லை. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி, அஞ்சி ஒதுக்கப்பட்டோருக்குக் கொண்டுபோய் ஊட்டினர். 1929இல், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் அம்மலையிலேயே உயிர் நீத்தார். ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களை விட்டுப் பிரியாமல் வாழ்ந்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, கொல்லிமலைச் சிறுவரோடு மரமேறி வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிப்பதற்காக இங்கிலாந்து சென்றார். நோயையும் புண்ணையும் சிறு வயதில் கண்டு அருவருத்ததால் மருத்துவம் வேண்டாமென்று தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார். பிறகு மனம் மாறி, இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்றார். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். நம் மூன்றாம் இடமாகிய வேலூருக்கு இப்போது வந்துவிட்டோம்.

1947இல் அவர் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியைக் கண்டார். அக்காலத்தில் தொழுநோயாளியின் கையைத் தொட மருத்துவரே அஞ்சுவர். பால் பிராண்ட் தம் கையை அவன் கைக்குள் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவன் பிடித்த பிடியில் அவருக்கு வலித்தது. கை முழுவதும் செயலற்றுப் போகவில்லை, வலிமையுள்ள தசைகள் இன்னும் இருக்கின்றன என்பது அந்த ஒரு பிடியில் விளங்கிற்று. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறை வேலூரில் வளர்ந்ததற்கு அதுவே தொடக்கம். நோயாளியை அஞ்சாமல் அணுகியதே ஒரு கண்டுபிடிப்புக்கு வாயிலாயிற்று.

அவர் பிற்காலத்தில் விரும்பிச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. என் மாணவனுக்கு நான் சொன்னதும் அதுவே. வேலூரில் ஒருநாள் பயிற்சி மருத்துவர் ஒருவர், படுக்கையின் அருகே மண்டியிட்டு அமர்ந்து, ஒரு பெண் நோயாளியின் வயிற்றைத் தொட்டுச் சோதித்துக்கொண்டே, கூச்சம் தரக்கூடிய சில கேள்விகளை மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பால் பிராண்ட் திகைத்தார். உயர்ந்த புருவம், கனிவு ததும்பும் புன்னகை, நோயாளியின் அச்சத்தைப் போக்கும் பார்வை, யாவும் இலண்டனில் தமக்குக் கற்பித்த பேராசிரியர் பில்ச்சரின் முகமே. இந்த இளைஞரோ இலண்டனைப் பார்த்தவரல்லர், பில்ச்சரை அறிந்தவரும் அல்லர். “இந்த முகத்தை எங்கே கற்றீர்?” என்று வியந்து கேட்டபோது, சூழ இருந்த மாணவர்கள் சிரித்தனர். “பில்ச்சர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, ஐயா. அது உங்கள் முகம்தான்!” என்றனர்.

இந்நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். இலண்டன் ஆசிரியரின் முகக்குறிப்பு, பால் பிராண்டை அறியாமலேயே அவரிடம் வந்து, அவரிடமிருந்து அவர் மாணவரிடம் சேர்ந்து, வேலூரில் ஒரு நோயாளியின் அச்சத்தைத் தணித்தது. நோயாளியை அணுகும் முறை பிறவியில் வருவதன்று, கற்பதால் வருவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்றால் தனி வகுப்பு எதற்கு? என் மாணவனும் உடனே இதைக் கேட்டான். கூர்மையான கேள்வி. நல்லாசிரியரைப் பார்த்தால் நன்மையைக் கற்போம். கடுஞ்சொல் பேசும் ஒருவரைப் பார்த்தால்? அதையும் கற்போம் அல்லவா? நோயாளியின் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசி, அவன் முகத்தையே பாராமல் நகர்ந்து செல்லும் மருத்துவரின் பின்னே பத்து மாணவர் செல்வாராயின், அப்பத்துப் பேரும் அந்த நடையையே பழகுவர். நற்பேற்றை நம்பிக் கல்வியை விட்டுவிடலாகாது. ஆகவேதான் உலகெங்கும் மருத்துவக் கல்வியாளர் இதைப் பாடமாக வகுக்க முனைந்தனர்.

அமெரிக்காவில் பிரான்சிஸ் பீபாடி என்னும் மருத்துவப் பேராசிரியர், நோயாளியைப் பேணுதல் பற்றி மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவு 1927இல் அச்சாகிப் புகழ்பெற்றது. ஆய்வுக்கூடத்தில் தேர்ந்த அறிவியலாளர் அவர். அவரே, அறிவியல் மட்டும் போதாது, நோயாளியின் மீது அக்கறை வேண்டும் என்று வற்புறுத்தினார். 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்கப் பயிற்றப்பட்டவர்களைக் கொண்டு மாணவர்களைப் பழக்கும் முறையைத் தொடங்கினார். மாணவன் தவறிழைத்தாலும் உண்மை நோயாளிக்குத் துன்பமில்லை. எங்கள் நுண்ணிலைக் கற்பித்தலின் உறவினன் இம்முறை என்று சொல்லலாம்.

1984இல் வெளியான ஓர் ஆய்வு பலரைத் திடுக்கிடச் செய்தது. பெக்மன், பிராங்கல் என்னும் இருவர், மருத்துவரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியபின், சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். தான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தவர் 17 பேரே. அந்த மருத்துவர்கள் கொடியவர்களா? இல்லை. கேட்பதும் ஒரு திறன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த உரையைக் கேட்டபின் உங்கள் நண்பனிடம் அவன் குறையைக் கேட்டு, ஒரு நிமிடம் குறுக்கிடாமல் இருந்து பாருங்கள். அது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

பாடம் வந்தபின், மாணவர் அதை எவ்வாறு ஏற்கின்றனர் என்னும் ஆராய்ச்சியும் வந்தது. 2002இல் இங்கிலாந்தில் சார்லட் ரீஸ் என்பவரும் அவர் தோழர்களும் ஓர் அளவுகோலை அமைத்தனர். உரையாடும் திறனைக் கற்பது பற்றி 26 கூற்றுகள் அதில் உண்டு. பாதி அக்கல்வியை ஆதரிப்பவை, பாதி மறுப்பவை. ஒவ்வொன்றையும் தான் எவ்வளவு ஒப்புகிறான் என்று மாணவன் குறிக்க வேண்டும். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இந்தியா உட்படப் பல நாடுகளில் பயன்பட்டுள்ளது. மறுப்புக் கூற்றுகளைப் படித்தபோது என் மாணவனின் குரலையே கேட்டேன். நேரமில்லை, தேர்வில் தேறினால் போதும், இது அறிவியல் ஆகுமா என்பனவே அவற்றின் சாரம். கடலுக்கு அப்பாலும் இளைஞர் உள்ளம் ஒன்றுதான்.

நம் நாட்டில், அன்றைய இந்திய மருத்துவக் குழுமம் 2018இல் மனப்பாங்கு, அறநெறி, கருத்துப் பரிமாற்றம் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு வகுக்கப்பட்ட ஒரு திங்கள் தொடக்கப் பயிற்சியில், மொழித்திறனுக்கும் கணினித்திறனுக்குமாக 40 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. வேற்று மாநிலத்திலிருந்து வந்து சேரும் மாணவன், சிகிச்சை பெறுவோரின் மொழியை அறிய வேண்டும் என்பது நோக்கம். 2020இல் அக்குழுமத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. அரசாணை மூலம் பாடத்தைக் கொண்டுவரலாம். மனத்தைக் கொண்டுவருவது மாணவன் கையில்தான் இருக்கிறது.

மாணவர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தேர்வுச் சுமை மெய். நடிப்புப்போல வகுப்பை நடத்தினால் சலிப்பு வருவதும் மெய். கனிவான சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவனைக் காட்டிலும், முரட்டுச் சொல்லாயினும் உண்மையோடு பேசுபவன் மேல் என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் திறன் வேறு, பாசாங்கு வேறு. நோயாளியை முதலில் பேசவிடுதல், எளிய சொல்லால் விளக்குதல், விளக்கியதை அவன் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்தல், துயரச் செய்தியைத் தனியிடத்தில் படிப்படியாகச் சொல்லுதல் ஆகியவையே அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் பாசாங்கு எங்கே இருக்கிறது?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு சிறுவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் தந்தைக்குக் கண்டிப்பான கடிதம் ஒன்று எழுதினேன். விடை வரவில்லை. பெயரை நீக்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு மலைக்குச் சென்றபோது அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். தந்தை எலும்பும் தோலுமாகத் திண்ணையில் படுத்திருந்தார். காசநோய். முன்னரே சமவெளியில் ஒரு மருத்துவமனையில் மாத்திரை வாங்கியிருக்கிறார். இரண்டாம் மாதம் இருமல் நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

“ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டுமே, ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டேன்.

“மாத்திரை குடுத்தாங்க ஐயா. என்னமோ சொன்னாங்க. வெளங்கலை. திரும்பக் கேக்கப் பயமா இருந்துச்சு. இருமல்தான் நின்னுபோச்சே, மிச்சத்தை ஏன் திங்கணும்னு விட்டுட்டேன்” என்றார்.

நோய் திரும்பிற்று. இரண்டாம் முறை இன்னும் நீண்ட காலம் மாத்திரையும் ஊசியுமாகத் துன்புற்று, ஒருவாறு பிழைத்தார். அவரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட சிறுவன் மிளகு பறிக்கும் வேலைக்குப் போய்விட்டான். திரும்பிப் படிக்க வரவேயில்லை. மாத்திரை சரியானது. நோயறிதல் சரியானது. “இருமல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கே, நான் சொன்னதைச் சொல்லுங்கள் பார்ப்போம்” என்னும் இரண்டு வாக்கியம் மட்டுமே அங்கே குறைந்தது. அதற்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த மருத்துவரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. என் கடிதம் அந்த வீட்டுக் கூரையில் செருகப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அவ்வீட்டில் அச்சிறுவன் ஒருவனே. அதை அவன் தந்தைக்குப் படித்துக் காட்டவில்லை என்று சொல்லித் தலைகுனிந்தான். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்னரே பெயரை நீக்கிய நானும் அந்த மருத்துவரும் ஒரே பிழையைத்தான் செய்திருந்தோம். இருவரும் சொன்னோம், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை.

இதை என் மாணவனிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும், ஐயா. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்” என்றான். மலைவாழ் மக்களின் பேச்சை அறிந்தவன், அவர்களின் தயக்கத்தையும் அறிந்தவன் அவன். மற்ற மாணவர் முயன்று பெற வேண்டியதில் பாதியை அவன் தாய்ப்பாலோடு பெற்றிருக்கிறான். நகரத்தில் ஐந்தாண்டு தங்கும்போது அதை இழந்துவிடாமல் காத்துக்கொள்வதே அவன் செய்ய வேண்டியது. இதைத்தான் அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன் என்பன அவை. இந்நான்கில் மூன்று மனிதர்கள், ஒன்றே மருந்து. மூன்று மனிதர்க்குள் கருத்து ஒன்றுபடாவிட்டால் அந்த ஒரு மருந்து என்ன செய்யும்?

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், அலுவலராகலாம். எப்பணியில் இருந்தாலும், உங்கள் மேசைக்கு எதிரே அஞ்சி நிற்கும் ஒருவர் வருவார். அவர் கேள்வியை அவர் முடிக்கும்வரை கேளுங்கள். உங்கள் விடை அவருக்கு விளங்கிற்றா என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கற்பிக்க ஒரு வகுப்பு இருந்தால், அதில் முதல் வரிசையில் அமருங்கள்.